எண்பதிலும் ஒரு மாணாக்கர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இவ்விழாவில் இசையைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். யாழையும் குழலையும் தமிழிசையின் தொன்மையையும் எடுத்துரைப்பேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நான் எடுத்துக்கொண்டவரோ இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் பெரும்புகழ் எய்திய ராக் இசைஞர் ஒருவர். ஜான் மெக்லாக்ளின் என்பது அவர் பெயர். மின்சாரக் கிட்டார் வாசிப்பவர். தமிழ்ச் சங்க மேடையில் இவருக்கு என்ன இடம் என்று வினவுவோர் சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். அவர் வாழ்க்கைக்கும் நம் வீட்டுக் கவலை ஒன்றிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

அக்கவலை யாது? ஜோகுபாளையத்தில் தமிழ்ப் பெற்றோர் இருவர் அமர்ந்து பேசினால், பேச்சு எங்கே தொடங்கினும் பிள்ளைகளிடத்திலேயே வந்து முடிகிறது. "பெரியவன் பாட்டு வகுப்பை விட்டுவிட்டான், இப்போது எந்நேரமும் கிட்டார்தான்" என்கிறார் ஒரு தந்தை. "என் மகள் வீட்டில் தமிழ் பேசுகிறாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியவில்லை, கேட்பதெல்லாம் ஆங்கிலப் பாட்டு" என்கிறார் ஒரு தாய். இன்று இசையை விட்ட பிள்ளை நாளை மொழியை விடும், அதற்கு மறுநாள் நம்மையே விட்டுவிடும் என்னும் அச்சம் அப்பேச்சின் அடியில் கிடக்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்வோர்க்கு இவ்வச்சம் இயல்பே. அதனை எள்ளி நகையாடுதல் அறிவுடைமை ஆகாது.

ஆயினும், பலவகை இசை ஒருங்கே ஒலிப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. அலசூர்ச் சோமேசுவரர் கோயிலின் மங்கல இசை ஒருபுறம். ஏரிக்கு அருகே மதராஸ் பொறியாளர் படையின் தலைமையகத்துப் பட்டாள வாத்தியம் ஒருபுறம். பழைய கண்டோன்மெண்ட் தேவாலயங்களின் பாடற்குழு மற்றொருபுறம். இம்மூன்றையும் கேட்டு வளர்ந்த செவிகள் நம் பெரியோரின் செவிகள். வேற்றிசை நம் வாயிலுக்கு வந்து பல தலைமுறைகள் ஆயின. வந்த இசையோடு எவ்வாறு பழகுவது என்பதே கேள்வி. அக்கேள்விக்கு மெக்லாக்ளின் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்திருக்கிறார்.

அவர் 1942-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள், யார்க்ஷயரைச் சேர்ந்த டான்காஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். அன்னையார் வயலின் வாசிப்பவர். சிறுபருவத்தில் பியானோவும் வயலினும் பயின்ற அவர், பதினோராம் வயதில் கிட்டாரைக் கையில் எடுத்தார். 1960-களின் தொடக்கத்தில் லண்டன் சென்று, குழுக்கள் பலவற்றில் வாசித்தும், ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறர் பாட்டுகளுக்குக் கூலிக்கு வாசித்தும் காலம் கழித்தார். அந்நாளிலேயே உள்ளத்தில் ஒரு தேடல் எழுந்தது. சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் லண்டன் கிளையில் சேர்ந்து, கீழ்நாட்டுத் தத்துவ நூல்களைக் கற்கத் தொடங்கினார்.

1969-இல் அமெரிக்கா சென்றார். டோனி வில்லியம்ஸ் என்னும் டிரம் மேதையின் குழுவில் சேர்ந்தார். ஜாஸ் உலகின் பெருந்தகையாகிய மைல்ஸ் டேவிஸ் அவரைத் தம் ஒலிப்பதிவுகளுக்கு அழைத்தார். 1970-இல் வெளிவந்த டேவிஸின் இசைத்தட்டு ஒன்றில் ஒரு பகுதிக்கு 'ஜான் மெக்லாக்ளின்' என்றே பெயர் வைக்கப்பட்டது. இருபத்தெட்டு வயது இளைஞருக்கு இதனினும் பெரிய சிறப்பு வேறு யாது வேண்டும்?

1971-இல் அவர் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவை அமைத்தார். டிரம் வாசித்த பில்லி கோபாம் பனாமாவில் பிறந்தவர். பியானோவும் பிற விசைக் கருவிகளும் இயக்கிய யான் ஹாம்மர் பிராகா நகரத்தவர். பாஸ் கிட்டார் வாசித்த ரிக் லேர்ட் அயர்லாந்தினர். வயலின் வாசித்த ஜெரி குட்மன் அமெரிக்கர். இரண்டு கழுத்துகளை உடைய மின்சாரக் கிட்டாரைத் தாங்கி மெக்லாக்ளின் நடுவே நிற்பார். ஜாஸின் நுட்பமும் ராக் இசையின் பேரொலியும் ஒன்றாய்ச் சேர்ந்த அவ்விசை இளைஞர் உலகைக் கவர்ந்தது. 'மகாவிஷ்ணு' என்பது அவருடைய குருவாகிய ஸ்ரீ சின்மயர் அவருக்குச் சூட்டிய பெயர். வங்காளத்தில் பிறந்த சின்மயர், 1944 முதல் 1964 வரை புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்து, பின் நியூயார்க் சென்றவர்.

அன்பர்களே, இனிக் கூறப்போவதே என் உரையின் உயிர்ப்பகுதி. புகழின் உச்சியில் நிற்கும் ஒருவர், முப்பது வயதில், கையில் பொருளும் வாயிலில் கூட்டமும் உடையவர், என்ன செய்வார்? பெற்றதைக் காத்துக்கொள்வார், பழகிய வித்தையையே திரும்பத் திரும்பக் காட்டிக் கைதட்டல் பெறுவார். மெக்லாக்ளின் அவ்வாறு செய்யவில்லை. கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, ஒரு தமிழரிடம் வீணை கற்க அமர்ந்தார்.

அத்தமிழர் யார்? விழுப்புரத்தை அடுத்த வளவனூரில் 1917-இல் பிறந்த டாக்டர் எஸ். இராமநாதன் அவர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்றவர்; பாடகர், வீணை வாசிப்பவர், ஆராய்ச்சியாளர். சிலப்பதிகாரத்தின் இசை நுணுக்கங்களை ஆராய்ந்து வெஸ்லியனிலேயே டாக்டர் பட்டம் பெற்றவர். 1985-இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. இளங்கோவடிகளின் இசைத்தமிழை ஆய்ந்த அவ்வறிஞரிடத்தில், உலகப் புகழ் பெற்ற ராக் இசைஞர் சரளி வரிசை முதலாகக் கற்கும் மாணாக்கர் நிலையில் வந்து அமர்ந்தார். இக்காட்சியை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

வீணை கற்றவர் வீணை வித்துவானாக மாறிவிடவில்லை. தம் கருவி கிட்டாரே என்று தெளிந்து அதனிடமே திரும்பினார். ஆனால் திரும்பி வந்தபோது கிட்டார் பழைய கிட்டாராக இல்லை. நம் வீணையில் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கின்றன. தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வளைகிறது. அவ்வளைவிலிருந்து கமகம் பிறக்கிறது. கிட்டாரிலோ மெட்டுகள் தாழ்ந்தவை. விரல்நுனி மரப்பலகையில் படிந்துவிடுவதால் தந்தியை அவ்வளவு எளிதாக வளைக்க இயலாது. ஆகவே மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரத்தைப் பள்ளமாகக் குடைந்த ஒரு கிட்டாரை அவர் செய்வித்தார். கைபடாமலே உடன் அதிரும் ஏழு தந்திகளும் அதில் குறுக்காகப் பூட்டப்பட்டன. கிப்ஸன் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர் அதனை உருவாக்கித் தந்தார். வீணையிடம் கற்றதைக் கிட்டாரின் உடலிலேயே செதுக்கிவிட்டார் என்று சொல்லலாம் அன்றோ?

வெஸ்லியனில் அவருக்கு மற்றொரு நட்பும் வாய்த்தது. வயலின் கலைஞர் எல். சங்கர் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தார். சங்கரின் தந்தையார் வி. இலட்சுமிநாராயணர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958-ஆம் ஆண்டு இலங்கைக் கலவரத்தின்பின் அக்குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. இருந்த வீட்டையும் ஊரையும் விட்டு வந்தார்கள், வித்தையை விடவில்லை. தந்தையார் தம் மைந்தர்களுக்கு வயலினை இடையறாது பயிற்றினார். ஊர் மாறி வாழும் நமக்கு இது ஒரு பாடம். பெட்டியில் அடைத்துக் கொண்டுசெல்ல முடியாத உடைமை ஒன்று உண்டு. அது பயிற்சியால் உடம்பிலும் உள்ளத்திலும் ஏறிய கலை.

இவ்விருவரோடு பம்பாயில் பிறந்த தபலா மேதை ஜாகிர் உசேன், கடம் வித்துவான் டி. எச். விநாயகராம், மிருதங்கம் இராமநாதபுரம் இராகவன் ஆகியோர் சேர்ந்தனர். 'சக்தி' என்னும் குழு தோன்றிற்று. 1975-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் அவர்கள் வாசித்தது, மறு ஆண்டு அவர்களுடைய முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. காதைத் துளைக்கும் மின்சாரப் பேரொலியை எதிர்பார்த்து வந்த கூட்டத்தின் முன்னே, மெக்லாக்ளின் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மின்சாரம் இல்லாத கிட்டாரை வாசித்தார். அவரருகே குயவர் சக்கரத்தில் பிறந்த மண்பானை ஒலித்தது. பெரும்பொருள் ஈட்டித் தந்த வழியை விட்டு இப்புதுவழியில் இறங்கத் துணிவு வேண்டும். அத்துணிவு அவருக்கு இருந்தது.

தாளத்தையும் அவர் முறையாகவே கற்றார். மேலை ராக் இசையில் பெரும்பாலான பாட்டுகள் நான்கு எண்ணிக்கையில் நடப்பவை. நம்மவரோ மூன்றைத் 'தகிட' என்றும், நான்கைத் 'தகதிமி' என்றும், ஐந்தைத் 'தகதகிட' என்றும், ஏழைத் 'தகிடதகதிமி' என்றும் வாயால் சொல்லிப் பழகுகின்றனர். எண்ணிக்கை எழுத்தாகி, எழுத்து நாவிலேறிவிட்டால், எத்துணைச் சிக்கலான தாளமும் பேச்சுப்போல் இயல்பாகிவிடும். இதுவே கொன்னக்கோல் என்னும் கலை. எந்தக் கருவி வாசிப்போர்க்கும் இஃது அடிப்படை என்று மெக்லாக்ளின் வலியுறுத்தி வருகிறார். விநாயகராமின் மைந்தர் செல்வகணேசுடன் சேர்ந்து, கொன்னக்கோல் கற்பிக்கும் காட்சித் தட்டு ஒன்றையும் 2007-இல் வெளியிட்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் பழமை என்று ஒதுக்கும் சொற்கட்டுகளை யார்க்ஷயரில் பிறந்தவர் உலகிற்குக் கற்பிக்கிறார்! அதே ஆண்டில் சென்னைக்கு வந்து, நம் நாட்டுக் கலைஞர்களைக் கொண்டு முழு இசைத்தட்டு ஒன்றையும் பதிவு செய்தார்.

சக்தியின் இசையில் நான் பெரிதும் வியப்பது அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் முறை. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் முகங்களைப் பாருங்கள். தம் முறை எப்போது வரும் என்று காத்திருக்கும் முகங்களாக அவை இல்லை. பிறர் கற்பனையில் மகிழும் முகங்களாக இருக்கின்றன. சிலப்பதிகார அரங்கேற்று காதையில், ஒரு கருவி மற்றொரு கருவியின் வழிநின்று ஒலித்த ஒழுங்கை இளங்கோவடிகள் வரிசைப்படுத்திக் காட்டுகிறார். வள்ளுவரும் கேள்வி என்றே ஓர் அதிகாரம் வகுத்து, செவி வழியே வரும் செல்வத்திற்குத் தலைமை தந்தார். இசைக் கலையின் முதற்பாடம் கேட்டல். அது குடும்பத்திற்கும் முதற்பாடம். பல மொழியினர் கூடி வாழும் இந்நகரத்திற்கும் அதுவே முதற்பாடம்.

இனி அவருடைய வாழ்க்கை நோக்கைச் சிறிது காண்போம். இசை வேறு, வாழ்க்கை வேறு என்று அவர் பிரிப்பதில்லை. உள்ளம் தெளிந்தால் இசை தெளியும் என்பது அவர் கொள்கை. தியானத்தை அவர் பல்லாண்டுகளாக விடாது பயின்று வருகிறார். ஐந்தாண்டு அளவில் குருவின் இயக்கத்தினின்று அவர் விலகினார். ஆயினும் உள்நோக்கிய தேடலை விடவில்லை. அமைப்பினின்று விலகியவர்கள் பலர், அங்கே பெற்ற நல்லதையும் சேர்த்தே எறிந்துவிடுவதுண்டு. இவர் பெற்றதைப் போற்றிக்கொண்டு தம் வழியே நடந்தார்.

முதுமையும் அவரைச் சோதித்தது. கிட்டார் வாசிப்பவர்க்குக் கைகளே உயிர். அக்கைகளில் மூட்டுவாதம் கண்டது. 2017-இல் அமெரிக்காவிற்கு விடைகூறும் பயணம் என்றே ஒரு பயணத்தை மேற்கொண்டார். மருத்துவத்தோடு மனப்பயிற்சியும் தமக்குத் துணைநின்றதாக அவர் சொல்லி வந்திருக்கிறார். இதனை நான் மருத்துவ அறிவுரையாகக் கூறவில்லை. தளராத ஒருவரின் வரலாறாகவே கூறுகிறேன். 2023-இல் மீண்டும் உலகைச் சுற்றினார். அவ்வாண்டு ஜனவரியில், எண்பத்தொரு வயதில், சக்தியின் ஐம்பதாம் ஆண்டையொட்டி நம் பெங்களூரிலும் வந்து வாசித்தார். அவருடன் வந்தவர்கள் ஜாகிர் உசேன், பாடகர் சங்கர் மகாதேவன், கஞ்சிரா வாசித்த செல்வகணேஷ், வயலின் கணேஷ் இராஜகோபாலன் ஆகியோர். சங்கர் மகாதேவன் பம்பாய்ப் பகுதியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதை இங்கே சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறேன். அதே ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய 'திஸ் மொமென்ட்' என்னும் இசைத்தொகுப்பிற்கு 2024 பிப்ரவரி 4-ஆம் நாள் கிராமி விருது கிடைத்தது.

அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. 2024 டிசம்பர் 15-ஆம் நாள் ஜாகிர் உசேன் மறைந்தார். அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 2014-இல், சக்தியின் மற்றொரு சுடராகிய மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நாற்பத்தைந்து வயதில் மறைந்திருந்தார். தம்மினும் இளையவர்களை இழக்கும் துன்பம் முதியோர்க்கே உரிய கொடுந்துன்பம். அதனையும் தாங்கி, உடன் வாசித்தவர்களை நன்றியோடு நினைந்து வாழ்கிறார் அம்முதியவர்.

இவையெல்லாம் எங்கோ நடந்த கதைகள் என்று எண்ண வேண்டா. நம் நகரத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1948-இல் சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோதம், 1970-களில் தம் உடன்பிறந்தாரோடு 'ஹியூமன் பாண்டேஜ்' என்னும் ராக் குழுவை நடத்தி டிரம் வாசித்தவர். பின்னர் பெங்களூரில் டி. ஏ. எஸ். மணி அவர்கள் 1964-இல் நிறுவிய தாளவாத்தியக் கல்லூரியில் நம் தாள முறையைப் பயின்றார். நம் கோயில்களிலும் திருமண வீடுகளிலும் முழங்கும் தவிலைக் கற்று, ஜெர்மனியில் குடியேறி, உலக மேடைகளில் அதனை ஒலிக்கச் செய்தார். ராக் இசை அவரைத் தவிலினின்று பிரித்ததா? இல்லை, தவிலிடம் கொண்டுவந்து சேர்த்தது.

அன்புடைய பெற்றோர்களே! பிள்ளையின் கையில் உள்ள கிட்டாரைக் கண்டு அஞ்ச வேண்டா. எதையும் அரைகுறையாய்க் கற்கும் பழக்கத்திற்கே அஞ்ச வேண்டும். கைப்பேசித் திரையைப் பார்த்து நான்கு பாட்டுகளை நுனிப்புல் மேய்ந்தாற்போல் வாசித்துவிட்டு, கற்றாயிற்று என்று நிற்பவன் கிட்டாரையும் அறியான், வீணையையும் அறியான். விநாயகராமும் சங்கரும் மேலை மேடைகளில் தடுமாறாமல் நின்றது எதனால்? தம்முடையதை ஐயந்திரிபறக் கற்றிருந்ததனால். மெக்லாக்ளின் நம் மேடையில் மதிக்கப்பட்டது எதனால்? தம்முடையதில் தேர்ந்தபின்னரும் நம்முடையதைப் பணிந்து கற்றதனால். வேர் ஆழமாக இருந்தால் கிளை எத்திசையில் நீண்டாலும் மரம் சாயாது.

ஆகவே பிள்ளைக்கு நல்ல ஆசிரியரைத் தேடித் தாருங்கள். அது எக்கருவியாயினும் ஆகுக. அவன் வாசிப்பதை நாள்தோறும் கால்மணி நேரம் அருகிலிருந்து கேளுங்கள். நம் இசையை அவன் கேட்கவில்லை என்று வருந்துகிறோம். அவன் இசையை நாம் கேட்டிருக்கிறோமா? நாம் கேட்டால் அவனும் கேட்பான்.

இளந்தோழர்களே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் போற்றும் ராக் இசையின் பெருங்கலைஞர் ஒருவர், உங்கள் பாட்டனார்க்குத் தெரிந்த இசையைத் தேடி, பாடம் கேட்கும் மாணாக்கராய் வந்தார். அவர் தொலைதூரம் தேடி அடைந்த செல்வம் உங்கள் வீட்டு முற்றத்திலேயே கிடக்கிறது. ஒரு பாட்டையேனும் பொருளுணர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அதன் பொருட்டேனும் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தறிந்தால் பாட்டு உங்களுடையதாகும். பிறர் வாயைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் கொன்னக்கோல் வகுப்பு ஒன்றைத் தொடங்கலாம். கருவி வாங்கும் செலவில்லை. நாவும் கையும் போதும். மிருதங்கம் பயிலும் பிள்ளையும், கிட்டார் பயிலும் பிள்ளையும், தேவாலயத்தில் பாடும் பிள்ளையும், கன்னடம் பேசும் அண்டை வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து தாளம் சொல்லட்டும். அலசூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பட்டபோது, அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. கொடுத்தலும் கொள்ளலுமே அண்டை வாழ்வின் அறம். இசையிலும் அதுவே அறம்.

புகழ் வந்தபின்னும் கற்பது, கற்றபின்னும் கேட்பது, இழந்தபின்னும் நன்றியோடு இருப்பது: இம்மூன்றும் அம்முதிய இசைஞரிடம் நான் கண்டவை. இவற்றை நம் பிள்ளைகள் கிட்டாரின் வழியே பெறினும் நன்று, வீணையின் வழியே பெறினும் நன்று.